ட்ரே திறக்குது... டிரைவைத்தான் காணோம்!

புது டிவிடி டிரைவை வாங்கி சி.பி.யூ. பெட்டியில மாட்டியாச்சு. பட்டனை அமுக்கினா ட்ரே கம்பீரமா வெளியே வருது. குட்டி லைட் ஒரு தடவை கண்ணடிக்குது. ஆனா உள்ள போய்ப் பார்த்தா ‘சி’ இருக்கு, ‘டி’ இருக்கு... டிவிடி டிரைவ் மட்டும் ஆப்சென்ட்! உடனே நாலு பேர்கிட்ட கேட்போம். ‘டிரைவ் அவுட்டு மச்சி, கடையில திருப்பிக் குடு’ன்னு ஒருத்தன். ‘டிரைவர் சிடி போட்டியா?’ன்னு இன்னொருத்தன் (சிடி டிரைவே இல்லாதவன்கிட்ட சிடி போடச் சொல்ற அறிவாளி!). கடைசியா ஒரு அண்ணன் வருவார். ரெண்டு தட்டு தட்டிப் பார்த்துட்டு, ‘விண்டோஸ் போயிடுச்சுப்பா, ஃபார்மேட் அடிச்சிடலாம்’ம்பார்.

உஷார் பாஸ்! அந்த ஒரு வார்த்தையில உங்க செமஸ்டர் நோட்ஸ், ப்ராஜெக்ட், போட்டோ எல்லாமே போயிடலாம். கடைசியில பார்த்தா பிரச்னை ஐம்பது, நூறு ரூபாய் கேபிள்ல இருக்கும். அதுக்குத்தான் இந்த வாரம்.

‘பென் டிரைவே பழசாயிடுச்சு, இப்போ போய் டிவிடி டிரைவா?’ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு கேள்வி. உங்க அக்கா கல்யாணம் எதுல இருக்கு? காசிமேட்டுல இருந்து எண்ணூர் வரைக்கும் எந்த வீட்டு பீரோவைத் திறந்தாலும் புடவைக்கு அடியில ஒரு விசிடி கவர் இருக்கும். 2000-களில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாத்தையும் வீடியோக்காரர் சினிமாப் பாட்டு மிக்ஸ் பண்ணி சிடியிலதான் கொடுத்தார். அப்போ ஹால்ல இருந்த விசிடி பிளேயர் எப்பவோ எடைக்குப் போயிடுச்சு. இப்போ வர்ற லேப்டாப்புல டிரைவே இல்லை. கல்யாணத்துல சிரிச்ச தாத்தாவைத் திரும்பப் பார்க்கணும்னா பழைய டெஸ்க்டாப்புல ஒரு டிரைவ் மாட்டித்தான் ஆகணும்.

அதனால, ‘ஓடலைன்னா போகுது’ன்னு விடற விஷயம் இல்லை இது. சிடிக்கும் வயசாகுது.

முதல்ல பயாஸைக் கேளுங்க

ட்ரே திறந்து மூடுதுன்னா அதுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: டிரைவுக்குக் கரண்ட் வருது. அவ்வளவுதான்! எஸ்.எம்.பி.எஸ்.ல இருந்து வர்ற வயர்ல 12 வோல்ட், 5 வோல்ட் ரெண்டும் இருக்கும். மோட்டாருக்கு 12, சர்க்யூட்டுக்கும் லேசருக்கும் 5. ட்ரேயைத் தள்ள டிரைவுக்கு மதர்போர்டோட தயவே தேவையில்லை. டேட்டா கேபிளைக் கழட்டிட்டு பட்டனை அமுக்கிப் பாருங்க, அப்பவும் ஜம்முன்னு திறக்கும்.

அடுத்த கேள்வி, மதர்போர்டுக்கு இந்த டிரைவைத் தெரியுமா? கம்ப்யூட்டரை ஆன் பண்ணின உடனே டெலீட் கீயை (சில போர்டுல எஃப்2) தட்டிக்கிட்டே இருந்தா பயாஸ் திறக்கும். அதுல சாட்டா போர்ட் லிஸ்ட் இருக்கும். ஹார்டு டிஸ்க் பேரோட உங்க டிவிடி டிரைவ் பேரும் இருக்கான்னு பாருங்க. பேர் இருந்தா கேபிளும் டிரைவும் பெரும்பாலும் ஓகே, பிரச்னை விண்டோஸ்ல. பேர் இல்லைன்னா விண்டோஸ் மேல பழி போடவே கூடாது. ஏன்னா, பயாஸ் வேலை பார்க்கிற நேரத்துல விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை! பயாஸ்ல தெரியாத டிரைவுக்காக விண்டோஸை ஃபார்மேட் பண்றது, பஸ் வரலைன்னு பஸ் ஸ்டாண்டுக்கு வெள்ளை அடிக்கிற மாதிரி.

ரெண்டு நிமிஷம்தான் ஆகும் இதுக்கு. ஆனா முக்கால்வாசிப் பேர் இதைப் பார்க்காமலேயே டிரைவைக் கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி, ஸ்க்ரூவையே தேய்ச்சிடறாங்க.

பயாஸ்ல பேர் இல்லையா?

முதல் சந்தேகம் அந்தச் சிவப்பு சாட்டா கேபிள் மேலதான். ஏழு பின் இருக்கிற சின்ன சாக்கெட், ‘எல்’ ஷேப்ல இருக்கும். பார்க்க மாட்டின மாதிரியே இருக்கும், ஆனா ஒரு மில்லிமீட்டர் வெளியே நிக்கும். கழட்டி, ‘டிக்’னு உட்கார்ற வரைக்கும் தள்ளுங்க. அப்பவும் வரலைன்னா ஒரு டெக்னிக் இருக்கு. நல்லா ஓடிக்கிட்டிருக்கிற ஹார்டு டிஸ்க்கோட கேபிளைக் கழட்டி டிவிடி டிரைவுல போடுங்க. பயாஸ்ல பேர் வந்துடுச்சா? பழைய கேபிளோ, அது செருகியிருந்த போர்ட்டோ, ரெண்டுல ஒண்ணு குற்றவாளி. அடுத்து கேபிளை மட்டும் மாத்துங்க, அப்புறம் போர்ட்டை மட்டும். ஒரு நேரத்துல ஒண்ணு! மூணையும் சேர்த்து மாத்தினா சரியாகும், ஆனா எது கெட்டதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. கெட்ட கேபிள் திரும்ப உங்க டப்பாவுக்கே போய், ஆறு மாசம் கழிச்சு வேற ஒருத்தரைப் பழி வாங்கும்.

கொஞ்சம் புது மதர்போர்டா இருந்தா இன்னொரு வில்லன் உண்டு. போர்டு மேலேயே படுத்த மாதிரி மாட்டற எம்.2 எஸ்.எஸ்.டி. இருக்கே, நிறைய போர்டுகள்ல அதை மாட்டினா சாட்டா போர்ட்ல ஒண்ணோ ரெண்டோ தானா செத்துடும். ரெண்டுக்கும் ஒரே லைன்! எந்த போர்ட்டுன்னு மதர்போர்டு மேனுவல்ல ஒரு மூலையில பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. மேனுவல் இல்லைன்னா போர்ட்டை மாத்தி மாத்திப் பார்க்க வேண்டியதுதான். அதே மாதிரி பழைய போர்டு சிலதுல எக்ஸ்ட்ராவா வேற கலர்ல ரெண்டு சாட்டா போர்ட் கொடுத்திருப்பாங்க. அது தனி சிப்போட கன்ட்ரோல்ல இருக்கும். ஹார்டு டிஸ்க்கை ஏத்துக்கும், டிவிடி டிரைவை சில சமயம் மதிக்காது. மெயின் போர்ட்டுக்கு மாத்திடுங்க.

அகலமான பட்டை கேபிள் இருக்கிற ஐ.டி.இ. காலத்து மெஷினா? அப்போ பின்பக்கம் இருக்கிற ஜம்பரைப் பாருங்க. ஒரே கேபிள்ல ரெண்டு டிரைவ் இருந்தா ஒண்ணு மாஸ்டர், ஒண்ணு ஸ்லேவ். ரெண்டும் மாஸ்டர்னு நின்னா ரெண்டுமே தெரியாமப் போகலாம்.

பவர் கனெக்டர் பத்தலைன்னு பழைய நாலு பின் மோலெக்ஸ்ல இருந்து சாட்டாவுக்கு மாத்தற அடாப்டர் வாங்குறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. பிளாஸ்டிக்கை உருக்கி வயர் மேல ஊத்தின மாதிரி மொழுக்குன்னு இருக்கிற மாடல் வேணாம். உள்ள வயர் ஒண்ணோட ஒண்ணு உரசி உருகிப் போன கதை நிறைய உண்டு. வயர் ஒவ்வொண்ணும் தனித்தனியா அழுத்திப் பொருத்தியிருக்கிற மாடலா பார்த்து வாங்குங்க.

எல்லாம் மாத்தியும் பேர் வரலையா? இப்போ டிரைவைக் கழட்டி இன்னொரு மெஷின்ல போடுங்க. அங்கேயும் வரலைன்னா தைரியமா கடைக்குப் போய், ‘அண்ணே, ரெண்டு மெஷின்ல, ரெண்டு கேபிள்ல பார்த்தாச்சு’ன்னு சொல்லலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டா இருந்தாலும் சரி, தேரடி பக்கத்துக் கடையா இருந்தாலும் சரி, இப்படிச் சொல்ற ஆள்கிட்ட வாதாட மாட்டாங்க. அப்படியே இன்னொண்ணு: இப்போ ‘புதுசு’ன்னு விக்கிற டிரைவுல சிலது பழைய மெஷின்ல இருந்து கழட்டித் துடைச்சது. வாங்கும்போதே ஸ்க்ரூ ஓட்டையைப் பாருங்க. ஸ்க்ரூ போன தடம் இருந்தா அது ஏற்கனவே ஒரு பெட்டியில குடித்தனம் பண்ணினது.

ஸ்க்ரூன்னதும் ஞாபகம் வருது. டிவிடி டிரைவுக்கு வேற ஸ்க்ரூ, ஹார்டு டிஸ்க்குக்கு வேற. டிவிடிக்கு மெல்லிசான மரை, ஹார்டு டிஸ்க்குக்குக் கொஞ்சம் தடிச்ச மரை. மாத்திப் போட்டு முறுக்கினா மரை போயிடும், நீளமான ஸ்க்ரூ உள்ள போய் முட்டும். ட்ரே பாதி வந்துட்டுத் திரும்ப ஓடுதுன்னா ஸ்க்ரூவை அரைச் சுத்து லூஸ் பண்ணிப் பாருங்க, கேபினெட் முன்பக்க பிளாஸ்டிக் இடிக்குதான்னும் பாருங்க. ட்ரேயே வரலைன்னா, மெஷினை ஆஃப் பண்ணிட்டு முன்னாடி இருக்கிற குண்டூசி ஓட்டையில பேப்பர் கிளிப்பை நிமிர்த்திச் செருகித் தள்ளணும். ஸ்க்ரூ டிரைவரை வச்சு நெம்பாதீங்க, ப்ளீஸ்.

விர்ருன்னு அடிக்குதா?

பெட்டியைத் திறக்கிறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கணும். சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது. நம்ம ஏரியா பழைய வீடுகள்ல, மூணு பின் பிளக்கை ரெண்டு பின்னாக்கி மாட்டின வீடுகள்ல, கேபினெட்டைத் தொட்டா விர்ருன்னு ஒரு கிச்சுகிச்சு வரும். ‘கம்ப்யூட்டர்னா அப்படித்தான்’னு பழகிக்கிறாங்க. அப்படி இல்லை! எஸ்.எம்.பி.எஸ். உள்ள இருக்கிற ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியா கொஞ்சூண்டு கரண்ட் கேபினெட்டுக்கு வரும். எர்த் இருந்தா அது பேசாம மண்ணுக்குப் போயிடும். எர்த் இல்லைன்னா உங்க விரல் வழியா போகும். மழை நாள்ல, ஈரத் தரையில, வெறுங்காலோட நின்னுக்கிட்டு இதை டெஸ்ட் பண்ணாதீங்க. டிரைவ் மாட்டறதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி பண்ணுங்க. டிரைவுக்குக் கொடுத்த காசை விட அந்தக் காசு உருப்படியானது.

பயாஸ்ல இருக்கு, விண்டோஸ்ல இல்லையா?

முதல் விஷயம், சாதாரண டிவிடி டிரைவுக்கு டிரைவர் சிடியே தேவையில்லை. விண்டோஸுக்குள்ளேயே இருக்கு. டிவைஸ் மேனேஜரைத் திறங்க. டிவிடி டிரைவ் பேர் பக்கத்துல மஞ்சள் கலர்ல ஆச்சரியக்குறி இருந்தா, ரைட் கிளிக், அன்இன்ஸ்டால், ரீஸ்டார்ட். விண்டோஸ் தானா திரும்பக் கண்டுபிடிக்கும். பாதி கேஸ் இங்கேயே முடிஞ்சிடும்.

முடியலைன்னா, முன்னாடி போட்டு எடுத்த ஏதாவது சிடி ரைட்டிங் சாஃப்ட்வேரை நினைச்சுப் பாருங்க. அந்த சாஃப்ட்வேர்கள் விண்டோஸுக்கும் டிரைவுக்கும் நடுவுல ஒரு ஆளை உட்கார வைக்கும். சாஃப்ட்வேரை எடுத்த பிறகும் அந்த ஆள் எழுந்து போக மாட்டார்! ரெஜிஸ்ட்ரியில, கன்ட்ரோல் கிளாஸ் பகுதியில, 4டி36இ965-ன்னு தொடங்குற நீளமான கீ ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள ‘அப்பர் ஃபில்டர்ஸ்’, ‘லோயர் ஃபில்டர்ஸ்’னு ரெண்டு என்ட்ரி இருந்தா எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுட்டு அழிச்சிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. பக்கத்துல இருக்கிற வேற எதையும் தொடாதீங்க. ரெஜிஸ்ட்ரி பழக்கமில்லைன்னா பழக்கமான சீனியரைப் பக்கத்துல உட்கார வச்சுக்குங்க, ஒரு டீக்கு வருவார்.

டிவைஸ் மேனேஜர்ல எல்லாம் சரியா இருக்கு, ஆனா டிரைவ் எழுத்து மட்டும் இல்லையா? டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் ஒரு எழுத்தைக் கொடுங்க, முடிஞ்சது.

டிரைவ் வந்துடுச்சு, சிடிதான் ஓடலை

இங்கதான் நிதானம் வேணும். புது டிரைவை டெஸ்ட் பண்ண அந்தக் கல்யாண சிடியைப் போடாதீங்க! முதல் பலி அதுவா இருக்கக் கூடாது. ஒரிஜினல் பட சிடி ஒண்ணு, டிவிடி ஒண்ணு தேடுங்க. 2007 வாக்குல மோசர் பேர் கம்பெனி தமிழ்ப் பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் வித்துச்சே, அந்த மாதிரி. கம்பெனி 2018-ல லிக்விடேஷனுக்குப் போயிடுச்சு, தட்டு மட்டும் இன்னும் வீடுகள்ல கிடக்கு. பாக்டரியில அச்சடிச்ச தட்டு வெளிச்சத்தை நல்லா திருப்பி அனுப்பும், வீட்டுல ரைட் பண்ணினதை விட சுலபமா ஓடும். அதுவே ஓடலைன்னா டிரைவைச் சந்தேகப்படலாம்.

சிடியும் டிவிடியும் ரெண்டும் ஏன்? டிரைவுக்குள்ள ரெண்டு லேசர் இருக்கு பாஸ். சிடிக்கு 780 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. டிவிடிக்கு 650, சிவப்பு. ஒண்ணு போய் இன்னொண்ணு பிழைச்சிருக்கலாம். டிவிடி எல்லாம் ஓடுது, சிடி ஒண்ணுகூட ஓடலைன்னா அது சாஃப்ட்வேர் இல்லை, அந்த ஒரு லேசர்தான். நேரா கடைக்குப் போங்க. மூடியைத் திறந்து லென்ஸைப் பார்க்கிற ஆசை வேணாம். வாரன்ட்டி ஸ்டிக்கர் கிழியும். கூடவே, தெரியாத வெளிச்சம் கண்ணுக்கு நல்லதில்லை.

டேட்டா டிவிடி திறக்குது, பட டிவிடி மட்டும் ஓடலையா? டிரைவ் குற்றமே செய்யலை. விண்டோஸ் 8-ல இருந்தே பட டிவிடி ஓட்டற வசதியை உள்ளே வைக்கிறதை விட்டுட்டாங்க. வி.எல்.சி. பிளேயர் போடுங்க, இலவசம்.

இப்போ ரொம்ப முக்கியமான மேட்டர். சில பழைய டிவிடியைப் போட்டா விண்டோஸ் ‘இந்த டிஸ்க்கை எப்படிப் பயன்படுத்தப் போறீங்க?’ன்னு ஒரு பெட்டி காட்டும். அதாவது, ‘இது காலித் தட்டு’ன்னு நினைச்சிடுச்சு. ஓகே கொடுத்துடாதீங்க! கேன்சல்! ரெக்கார்ட் பண்ணினவர் கடைசியில ‘ஃபைனலைஸ்’ பண்ணாம விட்டிருந்தாலோ, தட்டோட சாயம் மங்கியிருந்தாலோ இப்படித் தெரியும். உள்ள கல்யாணம் அப்படியே இருக்கும். ஓகே கொடுத்தா அதுக்கு மேலேயே எழுத ஆரம்பிச்சிடும்.

தட்டுக்கு நம்ம ஊர் காத்து

சிடி பளபளன்னு இருக்கிற பக்கத்தைத்தான் எல்லாரும் பத்திரமா பார்த்துப்போம். உண்மையில சிடிக்கு ஆபத்து பேர் எழுதற பக்கம்! டேட்டா இருக்கிற மெல்லிய படலம் அந்தப் பக்கத்து வார்னிஷுக்குக் கீழதான் இருக்கு. பால்பாயின்ட் பேனாவால அழுத்தி எழுதினாலே போச்சு. டிவிடியில படலம் ரெண்டு பிளாஸ்டிக் தட்டுக்கு நடுவுல சாண்ட்விச் மாதிரி இருக்கிறதால கொஞ்சம் தாங்கும்.

நம்ம பக்கம் கடல் காத்து, ஈரம், தூசி மூணும் ஃப்ரீ. ராயபுரத்துக்காரங்களுக்குக் கரித்தூசி தெரியும். 2011-ல உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு, சென்னைத் துறைமுகத்துல நிலக்கரி, இரும்புத்தாது கையாள்றதை நிறுத்தினாங்க. கரி எண்ணூருக்குப் போச்சு. அங்க அனல்மின் நிலையச் சாம்பல் ஏற்கனவே காத்துக்கிட்டிருந்துச்சு! 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்துல எண்ணூர் காட்டுக்குப்பம், எர்ணாவூர் வீடுகளுக்குள்ள எண்ணெய் கலந்த தண்ணி புகுந்துச்சு. பீரோ கீழ்த்தட்டுல இருந்த ஆல்பம், சிடி எல்லாம் அதுல நனைஞ்சது.

அப்படி நனைஞ்ச தட்டை யாராவது தூக்கிப் போடாம வச்சிருந்தா இன்னும் நம்பிக்கை உண்டு. பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் வேணாம், பிளாஸ்டிக்கே பூத்துப் போயிடும். பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு, நல்ல தண்ணி, மெத்துன்னு பருத்தித் துணி. நடு ஓட்டையில இருந்து ஓரத்தை நோக்கி நேரா துடைக்கணும், வட்டமா இல்லை. வட்டமா கீறல் விழுந்தா வரிசையா நிறைய டேட்டா போகும். குறுக்கா விழுந்தா ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம்தான் போகும், பிழை திருத்தற கணக்கு அதைச் சமாளிச்சிடும். நிழல்ல காய வச்சு, முழுசா உலர்ந்த பிறகு டிரைவுல போடுங்க. வார்னிஷ் உரியற சிடியைக் கழுவாதீங்க, உள்ள இருக்கிறது உரிஞ்சே வந்துடும்.

ஓடுச்சா? படம் பார்க்க உட்காராதீங்க. முதல்ல காப்பி! விசிடியா இருந்தா எம்.பி.இ.ஜி.ஏ.வி.-ன்னு ஒரு ஃபோல்டர்ல ‘டேட்’ ஃபைலா இருக்கும். சாதாரண டேட்டா சிடியில ஒரு செக்டருக்கு 2,048 பைட்தான் டேட்டா, மிச்ச இடத்துல பெரும் பகுதி பிழை திருத்த. விசிடியில 74 நிமிஷப் படத்தை அடைக்கணும்னு அந்த இடத்தையும் பிடுங்கி 2,324 பைட் வீடியோ வச்சாங்க. அதனால ஒரு கீறலுக்கே விண்டோஸ் காப்பியைப் பாதியில நிறுத்திடும். வி.எல்.சி.யில போட்டா ஒரு குதி குதிச்சுட்டு மேல போகும், அப்படியே கன்வெர்ட் பண்ணி சேவ் பண்ணிக்கலாம். டேட்டா சிடி, டிவிடிக்கு லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூன்னு ஒரு இலவச டூல் உண்டு. நல்ல பகுதியை முதல்ல எடுத்துட்டு, கெட்ட இடத்துக்கு அப்புறம் திரும்பி வரும். ஒரு டிரைவ்ல எடுத்தது போக மிச்சத்தை ஃப்ரெண்ட் வீட்டு டிரைவ்ல தொடரவும் முடியும். ஒரு டிரைவ் படிக்காத இடத்தை இன்னொண்ணு படிச்சிடறது சகஜம்.

காப்பி முடிஞ்சதும் முதல் அஞ்சு நிமிஷத்தைப் பார்த்துட்டு ‘ஓகே’ன்னு மூடிடாதீங்க. தட்டுல பதிவு நடு ஓட்டைகிட்ட ஆரம்பிச்சு வெளி ஓரத்துக்கு வரும். தாலி கட்டறது உள்ள எங்கேயோ பத்திரமா இருக்கும். கடைசியில வர்ற பந்தி, குடும்பப் போட்டோ, மண்டப வாசல்ல நின்னு கையாட்டற பெரியவங்க எல்லாம் ஓரத்துல இருப்பாங்க. இருபது வருஷமா எல்லார் விரலும் பட்டுத் தேய்ஞ்சது அந்த ஓரம்தான். அதை ஓட விட்டுப் பாருங்க.